இல்லாத விலங்குக்கு எத்தனை சொந்தக்காரர்: விளையாட்டணிப் பெயரியல் குறித்த ஓர் ஆராய்ச்சி

விளையாட்டணிகளுக்கு விலங்கின் பெயரை இடும் வழக்கம், இலக்கண நூலார் உவமையாகுபெயர் என்று வகுத்த பிரிவினுள் அடங்குவது. ‘காளை வந்தான்’ என்ற தொடரில் வந்தவனுக்குக் கொம்பு இல்லை என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ‘டெட்ராய்ட் டைகர்ஸ் தோற்றது’ என்ற செய்தியைப் படித்தவர் எவரும் வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதில்லை. ஆயினும் இலக்கண நூலார் ஆராயாமல் விட்ட வினா ஒன்று உண்டு: இவ்வாறு ஆகிவந்த பெயர் யாருக்குச் சொந்தம்? நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்துக் காட்டினாரேயன்றி, இடுகுறியை முதலில் இட்டவர் அதையே பின்னர் இடுபவர்மீது வழக்குத் தொடுக்கலாமா என்று சொல்லிச் செல்லவில்லை. அக்குறையை 1946-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய லேன்ஹம் சட்டம் நிறைவுசெய்தது.

அச்சட்டத்தின்படி வணிகக்குறி என்பது ஒரு பொருள் அல்லது சேவை யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் பெயரோ உருவமோ ஆகும். இரு குறிகளுக்கிடையே வழக்கு மூளும்போது நீதிமன்றம் முதன்மையாகக் கேட்பது, வாங்குபவர் ஒன்றை மற்றொன்று என்றோ, இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு என்றோ மயங்க இடமுண்டா என்பதே. இம்மயக்கத்துக்கான வாய்ப்பே சட்டத்தின் உயிர்நிலை. பெயரின் வலிமையை அளப்பதிலும் சட்டம், தான் அறியாமலே, நன்னூல் வழியில் நடக்கிறது. பொருளின் தன்மையைச் சொல்லும் காரணப்பெயர் நலிந்தது. பொருளோடு தொடர்பே இல்லாத இடுகுறிப்பெயர் வலியது. கணினிக்கு ‘ஆப்பிள்’ என்று பெயரிட்டவருக்குக் கிடைக்கும் காவல், ஆப்பிள் பழத்துக்கு அப்பெயரைக் கோருபவருக்குக் கிடைக்காது. இவற்றுக்கு மேல், உலகச் சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 18 பைகளுக்கும், 21 டம்ளர், ஐஸ் பெட்டி முதலியவற்றுக்கும், 25 உடைகளுக்கும், 41 விளையாட்டு உள்ளிட்ட கேளிக்கைகளுக்கும் உரியவை. ஓர் அணி 41-ஆம் வகுப்பில் மட்டும் அடங்கிக் கிடந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இராது. ஆனால் ஆடுவது 41-இல், பனியன் விற்பது 25-இல், பானம் ஊற்றித் தருவது 21-இல் என்றிருப்பதே இக்கால அணியின் இயல்பு.

இனி, எல்லா விலங்குகளும் வழக்குக்கு உரியன அல்ல. புலியை எடுத்துக்கொண்டால், டெட்ராய்ட் பேஸ்பால் அணி 1901 முதல் புலியாக இருக்கிறது. ஜப்பானில் ஹான்ஷின் அணியும் புலியே. கிளெம்சன், ஆபர்ன், மிசூரி, லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அணிகளும் புலிகளே. இத்தனை பேர் ஏறி இறங்கிய பெயரில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது தத்தம் எல்லைக்குட்பட்ட குறுகிய உரிமைதான். வருவாய்த்துறை மொழியில் சொன்னால், புலி மேய்ச்சல் புறம்போக்கு: யாரும் ஓட்டிவந்து மேய்க்கலாம், யார் பெயரிலும் பட்டா கிடையாது. சிறுத்தையின் நிலையும் அவ்வாறே. 1993-இல் ஆடத் தொடங்கிய ஃபுளோரிடா பேந்தர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியும், 1995-இல் தொடங்கிய கரோலினா பேந்தர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியும் ஒன்றையொன்று உறுமாமல் வாழ்கின்றன. (ஃபுளோரிடாக் காட்டில் எஞ்சியுள்ள உண்மைப் பேந்தர்கள் 120 முதல் 230 வரைதான் என்பது வனவிலங்குத் துறையின் மதிப்பீடு, அவை பூமா இனத்தவை, சிறுத்தையே அல்ல என்பது வேறு செய்தி.)

புறம்போக்கில் குடியேறியவரை யாரும் வெளியேற்றுவதில்லை. பட்டா நிலத்துக்கு ஆசைப்பட்டவருக்கே அல்லல். இதன் தொல்சான்று பால்டிமோர் குதிரைக்குட்டி வழக்கு. அந்நகரின் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1984 மார்ச் 28-ஆம் நாள் இரவோடு இரவாக லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்தது. கோல்ட் என்றால் குதிரைக்குட்டி. பத்து ஆண்டுகள் கழித்து, கனடியக் கால்பந்துக் கழகத்தைச் சேர்ந்த புதிய அணியொன்று பால்டிமோருக்கு வந்து, தன்னைப் ‘பால்டிமோர் சிஎஃப்எல் கோல்ட்ஸ்’ என்று அழைத்துக்கொண்டது. விட்டுச்சென்ற குட்டியை எடுத்து வளர்ப்பதில் தவறென்ன என்பது அதன் வாதம். இண்டியானாபொலிஸ் வழக்குத் தொடுத்தது. 1994-இல் மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், பழைய ஊர்ப்பெயரை விட்டுச் சென்றிருந்தாலும் மயக்கம் மயக்கமே என்று தீர்ப்பளித்தார்.

இவ்வழக்கில் ஆராய்ச்சியாளர் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய பகுதி, தீர்ப்பு அன்று. சான்றாக வைக்கப்பட்ட கருத்துக்கணிப்பு. வணிக வளாகங்களுக்கு வந்தவர்களை நிறுத்தி, இந்தப் பெயர்கொண்ட பனியனை வெளியிடுவது யார் என்று கேட்டார்கள். மயக்கம் கோல்ட்ஸ் என்ற சொல்லால் வருகிறதா, பால்டிமோர் என்ற ஊரால் வருகிறதா என்று பிரித்தறிவதற்காக, உலகில் எங்கும் இல்லாத ‘பால்டிமோர் ஹார்சஸ்’ என்ற அணியைக் கற்பித்து அதைப் பற்றியும் வினவினார்கள். குட்டி என்றால் மயக்கம் மிகுதி, குதிரை என்றால் மயக்கம் குறைவு என்பது இவ்வாறு அறிவியல் முறையில் நிறுவப்பட்டது. கோல்ட்ஸ் பெயருக்கு எதிரான தடையாணைக்குப் பின் அவ்வணி 1994 பருவம் முழுவதையும் விலங்கின்றியே ஆடி முடித்தது. அரங்கின் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ‘உங்கள் பால்டிமோர் சிஎஃப்எல்’ என்று சொல்லி நிறுத்துவார். தடையாணை தம்மைக் கட்டுப்படுத்தாது என்பதை உணர்ந்திருந்த பார்வையாளர்கள் எஞ்சிய சொல்லை ஒருமித்து முழங்குவர். மறுஆண்டு குட்டி வளர்ந்து ஸ்டாலியன்ஸ், அதாவது பொலிகுதிரைகள், என்ற பெயரைப் பெற்று, அமெரிக்க மண்ணிலிருந்து கனடாவின் கிரே கோப்பையை வென்ற ஒரே அணி என்ற புகழையும் அடைந்தது. 1996-இல் அது மான்ட்ரியாலுக்குப் பெயர்ந்து அலுயெட்ஸ் ஆயிற்று; அலுயெட் என்பது வானம்பாடி. ஈராண்டில் குட்டி குதிரையாகி, குதிரை பறவையான இப்பரிணாமத்தை டார்வின் எதிர்பார்த்திருக்க முடியாது.

பெயரை விட்டு உருவத்துக்கு வந்தாலும் நிலைமை அதுவே. 1995-இல் களமிறங்கிய ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி முதலில் வரைந்த பாயும் ஜாகுவார், அதே பெயருடைய காரின் முகப்பில் பாயும் ஜாகுவாரைப் போலிருப்பதாகக் கார் நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது; அணி தன் விலங்கைத் திருத்தி வரைந்துகொண்டது, கார் அணியின் அதிகாரபூர்வக் காரானது. டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி பந்தின்மீது நகக்கீறல் வைத்துப் புதிய சின்னம் வரைந்தபோது, அக்கீறல் தன்னுடையதை ஒத்திருக்கிறது என்று 2015-இல் எதிர்த்தது மான்ஸ்டர் எனர்ஜி என்ற பான நிறுவனம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த டைனோசர் இனம் ஒன்றின் நகம் யாருடைய நகம் என்ற இவ்வினாவில் தொல்லுயிரியலார் எவரும் கட்சி சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இத்துறையின் பெருங்காப்பியம் யூட்டா மாநிலத்தில் நிகழ்ந்தது. 2024 ஏப்ரலில், ரையன் ஸ்மித், ஆஷ்லி ஸ்மித் இணையர் 120 கோடி டாலர் கொடுத்து அரிசோனா கொயோட்டிஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டக்காரர்களைச் சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுவந்தனர். ஆட்டக்காரர் வந்தனர், விலங்கு வரவில்லை. கொயோட்டி என்ற ஓநாயின விலங்கின் பெயரும் சின்னமும் அரிசோனாவிலேயே நின்றுவிட்டன. ஆகவே அணி முதல் பருவத்தை ‘யூட்டா ஹாக்கி கிளப்’ என்ற பெயரில் ஆடியது. இது ‘டீக்கடை’ என்று பெயர்ப்பலகை மாட்டிய டீக்கடையை ஒத்தது, முற்றிலும் காரணப்பெயர், ஆதலின் முற்றிலும் நலிந்தது. நிலையான பெயருக்காக இருபது பெயர்களை முன்வைத்து மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இருபது ஆறாகச் சுருங்கியபோது, முன்னணியில் இருப்பதாகப் பலரும் கருதியது யெட்டி.

யெட்டி என்பது இமயமலைப் பனியில் திரிவதாக ஷெர்ப்பா மக்கள் சொல்லும் மாபெரும் உரோம உயிர். அது யூட்டாவின் வாசாட்ச் மலைக்கு எவ்வாறு வந்தது என்ற வினாவைக் கடந்து செல்வதே நன்று. அது இமயத்திலேயே உண்டா என்பதுதான் முதல் வினா. 2019 ஏப்ரலில் மகாலு மலையடிவாரத்தில் 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட யெட்டியின் காலடித் தடத்தைத் தன் மலையேற்றக் குழு கண்டதாக இந்திய ராணுவம் படத்துடன் அறிவித்தது. அதற்கு முன்பே, 2017-இல், யெட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, பல், தோல், மயிர் உள்ளிட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது என்று முடிவு கூறியிருந்தனர்.

உயிரியல் இவ்வாறு கைவிட்ட யெட்டியைச் சட்டம் கைவிடவில்லை. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 2006-இல் தொடங்கிய யெட்டி நிறுவனம் ஐஸ் பெட்டியும் எஃகு டம்ளரும் பையும் தொப்பியும் விற்பது. பண்டைத் தமிழகத்தில் அரசர் பெருவணிகர்க்கு வழங்கிய பட்டத்துக்கு ‘எட்டி’ என்பதே பெயர் என்பதும், யெட்டி வணிகர்க்கே உரியது என்ற கொள்கைக்கு அது அரண் செய்கிறது என்பதும் இங்கே கருதத்தக்கன; ஆயின் இச்சான்று அமெரிக்க அலுவலர் பார்வைக்கு வரவில்லை. அது வாராமலே, 2025 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகம் மயக்கத்துக்கு இடமுண்டு என்று கூறி யெட்டி என்ற பெயருக்கு அணி அளித்த விண்ணப்பத்தை மறுத்தது. ஐஸ் ஹாக்கி அரங்கில் பத்தாவது வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கையைப் பார்த்தால் மறுப்பின் நியாயம் விளங்கும்: அவர் பிடித்திருக்கும் டம்ளரில் யெட்டி என்று எழுதியிருந்தால், அது டம்ளர் செய்தவரின் பெயரா, தோற்றுக்கொண்டிருப்பவரின் பெயரா? நிறுவனத்தோடு உடன்பாடும் கைகூடவில்லை. யெட்டி வாக்குச்சீட்டிலிருந்து மறைந்தது. அதனிடத்தில் வாசாட்ச் என்ற மலைப்பெயரை வைத்துப் பார்த்தார்கள். ரசிகர்களின் முகச்சுளிப்பில் அதுவும் ஓரிரு நாளில் போய் அவுட்லாஸ் வந்தது. சட்டத்துக்கு அஞ்சி ஓடிய அணி ‘சட்டத்துக்குப் புறம்பானவர்கள்’ என்று பெயர் பெறும் வாய்ப்பு இவ்வாறு நெருங்கி வந்து நழுவியது.

2025 மே 7 அன்று வெளியான இறுதிப் பெயர் ‘யூட்டா மேமத்’. மேமத் என்பது பனிக்காலத்தில் வாழ்ந்த பெருயானை; அதன் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் கடலின் ரேங்கல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. யெட்டியை விட இதற்கு யூட்டாவில் மெய்யான பூர்விகம் உண்டு. 1988-இல் ஹண்டிங்டன் நீர்த்தேக்க அணையில் வேலை நடந்தபோது ஒரு மேமத்தின் எலும்புக்கூடே கிடைத்தது. எனினும் எலும்பு கிடைத்த இடத்தில் உரிமை கிடைப்பதில்லை. அண்டை மாநிலத்து டென்வரில் கொலராடோ மேமத் என்ற லக்ராஸ் அணி முன்னரே ஆடிவந்தது. ஆரிகனில் மேமத் ஹாக்கி என்ற நிறுவனம் ஆட்டக்காரர் சாமான்களைத் திணித்துச் செல்லும் பெரிய பைகளை விற்றுவந்தது. பை நிறுவனம் பெயரைக் கைவிடுமாறு கேட்க, அணி 2025 ஆகஸ்டில் யூட்டா கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத் தானே முந்திச் சென்று, இப்பெயரை ஆள்வது தவறன்று என்று அறிவிக்கக் கோரியது. இங்கே நன்னூல் மீண்டும் நுழைகிறது. ஆங்கிலத்தில் மேமத் என்பது விலங்கின் பெயர் மட்டுமன்று, ‘மிகப் பெரிய’ என்று பொருள்படும் அடைமொழியுமாகும். பெரிய பைக்கு ‘மிகப் பெரியது’ என்று பெயரிட்டால் அது காரணப்பெயர். ஆட்டக்காரர் இருபதின்மருக்கு அப்பெயர் இட்டால் இடுகுறி. பையின் தரப்பு நலிந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் கருத்து. நீதிபதி நன்னூல் கற்றவராக இருக்கவேண்டும் என்பது ஒன்றே குறை.

மேற்கண்டவற்றால் பெறப்படும் விதி: ஒரு விலங்கு எந்த அளவுக்கு இல்லையோ, அந்த அளவுக்கு அதற்குச் சொந்தக்காரர் மிகுவர். என்னை எனின், இருக்கும் விலங்குகள் எல்லாம் நெடுங்காலமாகப் புறம்போக்காகிவிட்டமையின், தனிப்பட்டா விரும்பும் அணி அழிந்ததையோ பிறவாததையோ நாடி ஓடுகிறது. அதே காரணத்தால் அதே இடத்துக்கு முன்னமே ஓடிவந்த டம்ளர் வணிகரும் பை வணிகரும் அங்கே வேலி போட்டு அமர்ந்திருக்கின்றனர். அற்றேல், குதிரைக்குட்டி உயிருள்ள விலங்கன்றோ எனின், பால்டிமோரைப் பொறுத்தவரை 1984 மார்ச் 29 காலை முதல் அது இல்லாத விலங்கே என்க. ஜாகுவாரும் ஜாக்சன்வில் காட்டில் இல்லாதது என்க. அமெரிக்கக் காட்டில் இல்லாத புலி ஏன் வழக்கில் சிக்கவில்லை என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடை அடுத்த பதிப்பில் கூறப்படும்.

இவ்வளவுக்கும் தொடக்கமான கொயோட்டியோ யூட்டாவில் ஏராளமாகத் திரிகிறது. மான்குட்டிகளைக் காக்கும் பொருட்டு மாநில அரசு அதற்கு விலை வைத்துள்ளது: பதிவுசெய்த வேட்டைக்காரர் இரு காதுகளோடு கூடிய தலைத்தோலையும் கீழ்த்தாடையையும் கொண்டுவந்து கொடுத்தால், ஒன்றுக்கு 50 டாலர்.