முகத்துக்கு இஸ்திரி!

லேசர் போட்டால் முகச் சுருக்கம் போய்விடும் என்கிறார்களே, இஸ்திரி போடுகிற மாதிரியா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

இஸ்திரியில் துணி மிஞ்சும். இதில் மேல் துணியைக் கொளுத்திவிட்டு, அடியிலிருந்து புதுத் துணி நெய்து வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியைக் கண்டால் தண்ணீர் விடாது, குடித்துவிடும். தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். குடித்த சூட்டில் மேல்தோல் கண்ணிமைப்பதற்குள் ஆவியாகிறது. மிச்சச் சூடு கீழே இறங்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைச் சுருக்குகிறது. ‘ஐயோ, தீக்காயம்!’ என்று பதறும் உடம்பு, மூன்று முதல் ஆறு மாதம் வரை புதுக் கொலாஜனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். வேலை முழுக்க உங்கள் உடம்புடையது. பில் மட்டும் மெஷின் பெயரில்.

இந்த லேசரைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– கல்லூரி மாணவி, கோவை

நம் நாட்டவர்தான். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார். உலகின் முதல் லேசரை மைமன் இயக்கிக் காட்டி அப்போது நான்கே வருடம். படேல் ஆராய்ந்தது வாயுக்களின் இயற்பியலை. யாருடைய நெற்றிச் சுருக்கத்தையும் அல்ல. அந்த லேசர் இரும்புத் தகட்டை அறுக்கப் போனது, அறுவை சிகிச்சைக்குப் போனது, கடைசியில் கன்னத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு டாக்டர் ‘எர்பியம்’ என்கிறார், இன்னொருவர் ‘சி.ஓ.டூ’ என்கிறார். எது உசத்தி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

எர்பியத்தின் அலைநீளம் 2,940 நானோமீட்டர். தண்ணீர் இதை சி.ஓ.டூவைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சும். அதனால் மேலோடு சீவிவிட்டுப் போய்விடும். சூடு அதிகம் உள்ளே இறங்காது, புண்ணும் சீக்கிரம் ஆறும். ஆழமான சுருக்கத்துக்கும் தோல் இறுக்கத்துக்கும் சி.ஓ.டூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு, கெட்டிக்காரன், ஆனால் ஆற நாள் கேட்பான். எது உசத்தி என்பதைவிட, மெஷினைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பாருங்கள்.

பார்லரில் ‘கார்பன் ஃபேஷியல்’ செய்துகொண்டேன். லேசர் என்றுதான் சொன்னார்கள். சுருக்கம் அப்படியே இருக்கிறதே?
– வாசகி, வேளச்சேரி

முகத்தில் கரிக்குழம்பைப் பூசி, காயவிட்டு, என்.டி.யாக் என்ற வேறொரு லேசரை ஓட்டுவார்கள். படபடவென்று சத்தம் வரும், லேசாகக் கருகல் வாசனை வரும், ஏதோ பெரிதாக நடக்கிறது என்ற நம்பிக்கையும் வரும். கரியோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இறந்த செல்களும் போய் முகம் இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும். தோலை நீக்கிப் புதுத்தோல் வளர்க்கிற சமாச்சாரம் இதுவல்ல. அந்த நிஜமான சிகிச்சையைத் தோல் மருத்துவர்தான் செய்ய வேண்டும். கண்ணுக்குக் கவசம் போடாமல் யாராவது மெஷினைத் தூக்கினால் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் வெள்ளைக்கார மருமகள் லேசர் செய்துகொண்டு பளபளவென்று இருக்கிறாள். நானும் செய்துகொள்ளலாமா?
– மாமியார், திருநெல்வேலி

மருமகளின் கைப்பையை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மெஷின் செட்டிங்கை வாங்கிக்கொள்ளக் கூடாது. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975-ல் தோலை, வெயிலில் அது நடந்துகொள்ளும் விதத்தை வைத்து வகை பிரித்தார். இன்று புழக்கத்தில் இருக்கும் ஆறு வகைகளில் நம்மவர்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறுக்குள். வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிற அதே நிறமிச் செல்கள், காயம் பட்டால் மிரண்டுபோய் நிறமியைக் கொட்டிவிடும். சுருக்கம் போன இடத்தில் கரும்படை வந்து உட்காரும். மறைய மாதக்கணக்கு ஆகும்.

இதற்கு ஒரு வழி 2004-ல் கிடைத்தது: ஃப்ராக்‌ஷனல் லேசர். முகம் முழுவதையும் சுடாமல், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகச் சுட்டு, நடுநடுவே நல்ல தோலை விட்டுவைப்பார்கள். அந்த நல்ல தோல் பக்கத்துப் புண்ணைச் சீக்கிரம் மூடிவிடும். நம் நிறத்துக்குப் புள்ளிகளை இன்னும் இடைவெளி விட்டு வைத்து, ஒரே நாளில் முடிக்காமல் பல தடவையாகச் செய்வார்கள். முதலில் காதோரம் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லம்மா’ என்கிறவரிடம், ‘அப்ப நானும் தேவையில்ல சார்’ என்று எழுந்துவிடுங்கள்.

கன்னத்தில் மங்கு இருக்கிறது. லேசரில் போகுமா?
– வங்கி ஊழியர், மதுரை

போகும், போன வேகத்தில் கூட்டாளிகளோடு திரும்பியும் வரும். சூடு மங்குவுக்கு ஆகாது. முதல் மருந்து சன்ஸ்க்ரீன், கடைசி யோசனைதான் லேசர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ‘வெள்ளையாக்கும்’ கிரீமை இப்போதே நிறுத்திவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும்.

தையில் மகளுக்குக் கல்யாணம். மார்கழியில் எனக்கு லேசர் வைத்துக்கொள்ளலாமா?
– மணப்பெண்ணின் தாய், கும்பகோணம்

முதல் நாள் முகம் எரியும், நீர் கசியும். மறுநாள் கண்ணைச் சுற்றி வீங்கும். அப்புறம் கன்னமெங்கும் தேன்நிறத்தில் குட்டிக்குட்டிப் புள்ளிகள் வரிசை கட்டி, சொரசொரவென்று உரியத் தொடங்கும். உரிக்கக் கூடாது, வாஸ்லின் தடவிக்கொண்டு பொறுமை காக்க வேண்டும். ஃப்ராக்‌ஷனலே இப்படி ஒரு வாரம் எடுக்கும். முழு முகத்தையும் சுட்டால் புண் ஆற இரண்டு வாரம், சிவப்பு மறைய மாதக்கணக்கு. சம்பந்தி வீட்டார் பெண்ணை விட்டுவிட்டு உங்களையே பார்ப்பார்கள். ஆடியில் கல்யாணத்துக்குத்தான் தடை, லேசருக்கு இல்லை. அப்போது செய்தால் தைக்குள் கொலாஜனும் தயார்.

டாக்டரிடம் எதை மறைக்கக் கூடாது?
– வாசகர், திருச்சி

உதட்டில் அடிக்கடி வரும் காய்ச்சல் கொப்புளம், பருவுக்குச் சாப்பிட்ட ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் சுபாவம், கர்ப்பம். கொப்புளம் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் முகம் முழுக்கப் பரவக்கூடும். வயதை வேண்டுமானால் மறையுங்கள். அதைத்தான் முகம் ஏற்கெனவே சொல்லியிருக்குமே.

என் வலது கன்னம் மட்டும் சீக்கிரம் கிழடாகிவிட்டது. என்ன காரணம்?
– லாரி டிரைவர், நாமக்கல்

உங்கள் தொழில்தான். 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒருவரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பாதி தடித்து, வரிவரியாகத் தொங்குகிறது. வலது பாதி பல வயது இளமை. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம், வித்தியாசம் அவ்வளவுதான். பக்கக் கண்ணாடி புற ஊதா ‘பி’ கதிரைத் தடுத்துவிடும், ‘ஏ’ கதிரை உள்ளே விட்டுவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் இரண்டும் இலவசம். லேசர் பிறகு, முதலில் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்க்ரீன் ஒரு டியூப் டேஷ்போர்டில் பிள்ளையார் பக்கத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் லேசர் செய்தால் வெயில் சுருக்கத்தைத் திரும்ப எழுதிவிடும்.

‘உனக்கு எதுக்கு இதெல்லாம், இப்படியே அழகாத்தான் இருக்கே’ என்கிறார் என் கணவர். நம்பலாமா?
– வாசகி, ஈரோடு

கட்டண விவரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சொன்னாரா, பார்த்த பிறகா?