எனக்கென்ன கண்ணு தெரியும்

வண்டி வாங்குனது நல்ல காரியம் கண்ணு. 2008 மாடல் சஃபாரி, 2.2 டைகார், 140 குதிரைச் சக்தின்னு போன்ல மூச்சு உடாமச் சொன்னே. இருக்கற ரெண்டு மாட்டுக்கே சோளத்தட்டு பத்தல, 140 குதிரைய எங்க கொண்டுபோயிக் கட்டறதுன்னு உன்ற அம்மிச்சிக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமில்ல. அதைக்கூடத் தேத்திப்போட்டேன். "இனி பட்டறைப் பக்கமே போறதில்லீங் அப்புச்சி, எல்லாம் நானே பாத்துக்குவேன்"னு ஒரு வார்த்தை சொன்னே பாரு, அதைக் கொண்டுபோயி நம்ம பட்டறைக்காரர் காதுல போட்டேன். அந்த மனுசன் சிரிக்கல. கையெடுத்துக் கும்புட்டாரு. "பையன் காலேஜ் ஃபீசுக்கு என்ன பண்றதுன்னு ரோசனையா இருந்துச்சுங், சாமி வழி உட்டுருச்சு"ன்னாரு.

நான் படிக்காத ஆளு. கெணத்து மேட்டுல ஆயில் என்ஜினு, அப்பறம் டிராக்டரு, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். நீ வீடியோ பாத்துப் படிச்ச பையன். வீடியோல எல்லா நட்டும் ஒரே திருகுல கழண்டு வந்துருது. பதினஞ்சு வருசத் துரு ஏறி, பாதித் தண்டு உள்ள நின்னுக்கிட்டு மீதி ஸ்பேனரோட கையில வர்ற நட்டை எவனும் படம் புடிச்சுப் போடறதில்ல. போட்டா அவனுக்கு லைக் உழுகாது போலிருக்குது.

வண்டிய நான் கொறை சொல்லல. 1998-ல மொதல்ல வந்தப்ப ரெண்டு லிட்டர் டர்போ டீசலு. 2005-ல மூணு லிட்டர் டைகாரு, 2007-ல உன்ற 2.2. அப்பறம் 2012-ல ஸ்டார்ம்னு வந்து, 2019 வரைக்கும் ஓடுச்சு. 2021-ல அதே பேர்ல இன்னொண்ணு வந்திருக்குது. அதுக்குத் தனிச் சேசும் கெடையாது, பின்சக்கரம் தள்றதும் கெடையாது. தாத்தன் பேரைப் பேரனுக்கு வெக்கறமல்ல, அதாட்டம். உன்றது தாத்தன். ஏணி மாதிரி சேசு அடியில தனியாக் கெடக்கும், அது மேல பாடி உக்காந்திருக்கும். அந்தச் சேசு நல்லா இருந்தா மத்ததெல்லாம் வாங்கிப் போட்டுக்கலாம். அது போச்சுன்னா உன்ற தோலு சீட்டும் பெரிய ஸ்கிரீனும் இரும்புக்கடைக்குத்தான்.

அதனால கேக்கறேன். மேல பாலிஷ் மினுக்கறதப் பாத்துக் காசைக் குடுத்தியே, கீழ ஒருக்கா படுத்துப் பாத்தியா? அடியில புதுசா கறுப்புப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தாங்கன்னு பெருமையாச் சொன்னே. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துக்குள்ள கறையான் இருக்காதுன்னு எவஞ் சொன்னான்? ஒரு திருப்புளிய எடுத்து, அதும் பின்னங்கட்டையால சேசு நெடுகத் தட்டிக்கிட்டே போ. கணீர்னு கேட்டா நல்லது. மொத்துனு கேக்கற எடத்துல நிறுத்து. அப்படியே நாலு கதவுக்கும் கீழ விரலை உட்டுப் பாரு, தண்ணி எறங்கறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். மண்ணு அடைச்சிருந்தா ஈர்க்குச்சி போதும். மழைத்தண்ணி உள்ள நின்னு நின்னுதான் கதவு அடியில இத்துப்போவுது. இந்த வேலைக்குச் செலவு ஒண்ணுமில்ல. வீடியோவும் இல்ல, அதான் உனக்குத் தெரியல.

கீழ படுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை. வண்டி ரெண்டு டன்னுக்குப் பக்கம் வரும். ஜாக்கி தூக்கறதுக்கு மட்டுந்தான், தாங்கறதுக்கில்ல. நீ போட்டோ அனுப்புனயே, ஹாலோ பிளாக் கல்லு ரெண்டை அடுக்கி அதும் மேல சேசை நிறுத்தி, பக்கத்துல கட்டைவெரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு! அந்தக் கல்லு சுவரு கட்டறதுக்கு நல்ல கல்லு. ஒரு முனையில கனம் ஏறுனா சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கு. மண்ணுத்தரை வேணாம், சிமெண்டுத் தரை. தரையில இருக்கற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கழட்டுன சக்கரத்தைச் சேசுக்கு அடியில தள்ளி வையி. அப்பறமேல் படு. உனக்கு இன்னும் பொண்ணு பாக்க வேண்டியிருக்குது.

இப்ப லைட்டுக்கு வருவோம். ராத்திரி வெளிச்சம் பத்தலன்னு 100/90 வாட்ஸ் பல்பு வாங்கியாச்சாமே. சபாசு. பெரிய பல்பைப் போடு, ஃபியூசு போகும். ஃபியூசு போனா அதை விடப் பெருசாப் போடு, ஒயரு சூடேறும். ஒயரு சூடேறுனா ஹோல்டரு உருகும், சுவிச்சு கருகும். எல்லாத்தையும் வரிசையாப் புதுசு வாங்கு. இப்படியே போனா ஒரு வருசத்துல வண்டி ஷோரூம் கண்டிசனுக்கு வந்துரும்.

கணக்கு உனக்கே தெரியும். கம்பெனி போடறது எச்4, 60/55 வாட்ஸ். ரெண்டு பல்புக்கும் ஹை பீம்ல 120 வாட்ஸ், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியரு. நீ வாங்குனது 200 வாட்ஸ். அதே ஒயர்ல 16 ஆம்பியருக்கு மேல ஓடோணும். எதுத்தாப்புல பைக்குல வர்றவன் கண்ணு என்னாவும்ங்கறது தனிக்கதை. அவனும் எவனோ ஒரு அப்புச்சிக்குப் பேரந்தான்.

மங்கலாத் தெரியறதுக்குப் பல்பு காரணமே இல்லாம இருக்கலாம். ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்துல ஒரு பங்கு கொறஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போயிரும். பழைய வண்டியில அந்தப் பத்துல ஒரு பங்கு எங்க போவுதுன்னு தேடு. ஒரு மல்ட்டிமீட்டரு எடுத்து, என்ஜின் ஓடறப்ப பேட்டரியில எவ்வளவுன்னு பாரு, 14 வோல்ட்டுக்கு ஒட்டி இருக்கோணும். அப்பறம் லைட்டைப் போட்டுட்டுப் பல்பு ஹோல்டர்ல பாரு. 12க்கும் கீழ இருந்தா பாதியில எங்கயோ திருடன் உக்காந்திருக்கான். பெரும்பாலும் எர்த்து. ஒயரு பாடியில போல்ட்டாவற எடத்தக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பளிச்சுன்னு ஆனதும் முடுக்கி, மேல துளி வாசலின் தடவு. அப்படியும் பத்தலைன்னா, பேட்டரியில இருந்து நேரா கனமான ஒயரு இழுத்து ரிலே போடு. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூசு இருக்கோணும். பல்பு பழைய 60/55-ஏ போதும். வாங்குன 100 வாட்ஸை என்ன பண்றதுன்னு கேக்காத.

அடுத்தாப்புல, வண்டிய ஒசத்தோணும்ங்கற உன்ற லிஃப்ட்டு ஆசைக்கு வர்றேன். முன்னால ரெண்டு இஞ்சு தூக்கறதுக்கு "செலவே இல்லீங் அப்புச்சி, போல்ட்டைத் திருப்புனாப் போதும்"ன்னே. இனாமா வர்றதுன்னா எங்க காலத்துலயும் கூட்டந்தான். உன்ற வண்டிக்கு முன்னால சுருள் ஸ்பிரிங் கெடையாது. டார்ஷன் பாருன்னு நீளக் கம்பி சேசோட ஒட்டிப் போவுது. ஒரு முனை கட்டுண்டு கெடக்கும், இன்னொரு முனை சக்கரத்தோட கையப் புடிச்சிருக்கும். சக்கரம் ஏறி எறங்கறப்பக் கம்பி முறுக்கிக்கும். அந்தக் கம்பிக்கு எவ்வளவு வலுங்கறது அதோட கனத்துலயும் நீளத்துலயும் இருக்குது. நீ போல்ட்டைத் திருப்பறதால வலு ஒரு இம்மி ஏறாது. வண்டி நிக்கற ஒசரம் மட்டும் மாறும்.

ஒசரம் மாறுனா நல்லதுதானேங்கறயா? சக்கரம் மேல போறதுக்கு எடம் வேணும்ங்கற மாதிரியே பள்ளத்துல கீழ தொங்கறதுக்கும் எடம் வேணும். மேல தூக்கிக் கட்டுனா அந்தத் தொங்கற எடம் போச்சு. ஸ்பீடு பிரேக்கர் தாண்டுனதும் டம்முனு ஒரு அடி உழும் பாரு, நெஞ்சுல உழும். பால் ஜாயின்ட்டு கோணிக்கிட்டு நிக்கும், ரப்பர் உறை கிழியும். அலைன்மென்ட் போயி டயரு ஒரு ஓரமாத் தேயும். 235 அகலத்து டயரு நாலு என்ன விலைன்னு கேட்டுப் பாத்திருக்கயா? செலவே இல்லாத லிஃப்ட்டுக்கு அதான் செலவு.

ஆனா அந்தப் போல்ட்டைத் தொடவே கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். வயசானா கம்பி களைச்சு, மூஞ்சி தொங்கித்தான் போவும், அதிலயும் ஒரு பக்கம் எச்சாத் தொங்கும். சமதரையில நிறுத்து. டயரு காத்து சரியா இருக்கட்டும். சக்கரத்து நடுப்புள்ளியில இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப்புல அள. ரெண்டு பக்கமும் எழுதி வையி. மேனுவல்ல இருக்கற ஒசரத்துக்குக் கொண்டு வர்றது ரிப்பேரு. அதுக்கு மேல போறது அலும்பு. போல்ட்டுல பெயின்ட்டுல ஒரு கோடு போட்டுக்க, எத்தனை சுத்துன்னு எண்ணிக்க, திருப்பறப்ப ஜாக்கியில கனத்தை எடுத்துரு, முடிஞ்சதும் அலைன்மென்ட்டுக்கு ஓட்டு. இதைச் செஞ்சீன்னா நானே ஊர்ல சொல்லிக்குவேன்.

டீசல் லைனு மட்டும் வேண்டாஞ் சாமி. ஆயில் என்ஜின்ல காத்துப் புடிச்சுக்கிச்சுன்னா நாங்க இன்ஜெக்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்புடியச் சுத்தி, காத்து கொப்புளிச்சு டீசல் வர்றதப் பாத்து முடுக்குவோம். அதை உன்ற மாமன் உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பான். அந்த வித்தைய அந்த என்ஜினோட பொதைச்சாச்சு. உன்றது காமன் ரெயிலு. அந்தக் குழாய்க்குள்ள ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம். டயருக்கு முப்பத்தி சொச்சம் பி.எஸ்.ஐ. புடிக்கறயே, இது பதினாலாயிரத்தையும் தாண்டும். ஓடறப்ப நட்டைத் தளர்த்துனா கண்ணுக்குத் தெரியாத பீச்சு ஒண்ணு வரும், தோலைத் துளைச்சு உள்ள போயிரும். வெளிய ஊசி குத்துன அடையாளந்தான் இருக்கும். உள்ள சதை அழுகும். உனக்குச் செய்யோணும்னு கை துருதுருத்தா டீசல் ஃபில்டருக்கு அடியில தேங்கற தண்ணிய எறக்கு. அது போதும்.

பிரேக் ஆயில்லயும் இதே மாதிரி தண்ணி சேரும், ஆனா ரகசியமா நடக்கும். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 ஆயிலு புதுசா இருந்தா 230 டிகிரியாச்சும் தாண்டித்தான் கொதிக்கோணும். ஈரம் ஏறுனா 155 வரைக்கும் எறங்கலாம்னு அந்த டாட் தரத்தை வகுத்தவியளே கணக்கு வெச்சிருக்காங்க. பல்லடம் ரோட்டுல இது உனக்குத் தெரியாது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி எறங்கறப்ப, பாதி வழியில பெடல் தரையோட போயி ஒட்டுனா தெரியும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். அந்த வேலையப் பட்டறைக்காரர் பக்கத்துல நின்னு பாரு, அடுத்த தடவை அவரு உன்ற பக்கத்துல நிக்கட்டும். கொறஞ்சிருக்குதேன்னு பவர் ஸ்டியரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ அதுல ஊத்திப்போடாத, உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிப்போயிரும். பழைய மாடலுக்குச் சாமான் கெடைக்கலைன்னா கதவுக் கைப்புடி, கண்ணாடி, லைட்டுக் கூடு இதுக்கெல்லாம் மெட்ராசு புதுப்பேட்டைக்குப் போ, தப்பில்ல. பிரேக்குச் சாமானை மட்டும் இன்னொருத்தன் கழட்டிப் போட்டதுல தேடாத.

வண்டி ஓடறப்ப கடகடன்னு சத்தம் வருதுன்னு அதை அமுக்கறதுக்கு வூஃபர் வாங்கி வெச்சயாமே. நல்ல வைத்தியம். பல்லு வலிக்கு ரேடியோவைச் சத்தமா வெக்கச் சொல்ற வைத்தியனை இப்பத்தான் பாக்கறேன். அந்த வூஃபரை எறக்கி வெச்சுட்டு, ஸ்டெபிலைசர் லிங்க்கு புஷ்ஷை ஒருக்கா கையால ஆட்டிப் பாரு. ரப்பரு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். அது சல்லிசு வெலை, உன்ற கையாலயே மாத்தலாம். மாத்துனா பாட்டு தானாவே கேக்கும்.

அப்பறம் முன்னால இரும்புக் கம்பி கார்டு, மேல எல்இடி பட்டை, கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கரு. கறுப்பு ஸ்டிக்கரை சுப்ரீம் கோர்ட்டு 2012-லயே வேண்டாம்னுருச்சு. இரும்புக் கார்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்கு விரோதம்னு 2017 டிசம்பர்ல மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் எழுதிப்போட்டுச்சு. உன்ற வண்டிக்கு 15 வருசம் 2023-லயே முடிஞ்சிருக்கும், ஆர்சிய எடுத்துத் தேதியப் பாரு. புதுப்பிக்கற ஃபீசை 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க. எஃப்சிக்குக் கொண்டுபோயி நிறுத்தறப்ப அந்த இன்ஸ்பெக்டரு எல்இடி பட்டையப் பாத்து உனக்கு மாலை போடப்போறதில்ல.

ரேடியேட்டருக்கு நம்ம போர்த் தண்ணிய ஊத்தாத, உப்பு அடைச்சுக்கும். கூலன்ட்டும் பேட்டரித் தண்ணியும் பாதிக்குப் பாதி. சூடா இருக்கறப்ப மூடியத் தொடாத. ஏர் ஃபில்டரைத் தட்டு. எறக்குன பழைய ஆயிலைக் கேன்ல புடிச்சுப் பட்டறையில குடு, வாய்க்கால்ல உட்டீன்னா கரும்புக்காரன் உன்னைய உடமாட்டான், நானும் உடமாட்டேன்.

ஞாயித்துக்கெழமை வர்றப்ப அந்தப் புது கிரீஸ் கன்னை மறக்காம எடுத்துக்கிட்டு வா. புரொபெல்லர் சாஃப்ட்டு கிராசுல நிப்பிள் இருந்தா அடிக்கோணும்னு சொன்னயே, அதுக்கு மொதல்ல கை பழகோணுமல்ல? என்ற டிராக்டர் முன்னச்சுல நாலு நிப்பிள் காஞ்சு கெடக்குது. அதுல பழகு. அப்படியே டிரெய்லர் சக்கரத்துக்கும். சும்மாச் செய்யச் சொல்லல, அம்மிச்சிகிட்டச் சொல்லி நாட்டுக்கோழி அடிக்கச் சொல்லறேன்.