அரக்கும் ஆல்கஹாலும்

ஒஸ்லோவின் ரொம்சோஸில் மெட்ரோ நிலையமே பாறையைக் குடைந்து கட்டியது. வெளியே வந்தாலும் இருட்டுதான். டிசம்பர் நடுவில் மூன்றேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அப்புறம் படுக்கும் வரை என்னதான் செய்வது? வாட்ச் பழுதுபார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றிவிடுகிறது. குடும்பத்தார் பாடுதான் திண்டாட்டம்.

அங்குள்ள தமிழருக்கு முதல் பலி பெரும்பாலும் எச்எம்டி ஜனதாதான். சிட்டிசனின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய கம்பெனியின் சாவி கொடுக்கும் ரகம். பதினேழு கல், நொடிக்கு ஐந்து துடிப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அது செய்த குற்றம்.

பிரிப்பது சுலபம். ட்வீசரை ஒரு சிட்டிகை கூடுதலாக அழுத்தினால் ஸ்க்ரூ பறந்து கம்பளத்துக்குள் குடியேறும். வீடே மண்டியிட்டுத் தேடும். அடுத்து ஆல்கஹாலில் கழுவும் படலம். சக்கரத்தைத் துடிப்புக்குத் துடிப்பு விட்டுப் பிடிக்கும் பேலட் ஃபோர்க்கின் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு. அது ஆல்கஹாலில் கரையும். இந்த ரசாயனப் பாடத்தைப் பலரும் கல் கழன்று கிண்ணத்தில் கிடக்கும்போதுதான் படிக்கிறார்கள்.

2019-இல் வடக்கே சொம்மரோய் தீவுக்காரர்கள் நேரமே வேண்டாமென்று பாலத்தில் வாட்ச்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உலகமே வாய்பிளந்தது, பிறகு பார்த்தால் சுற்றுலா விளம்பரம். வாட்சை நிறுத்த அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. ரொம்சோஸில் ஒரு ட்வீசரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

உதிரிக்காக இன்னொரு ஜனதா வரவழைக்க வேண்டியதுதான். அது ஓடும் நிலையில் வந்து சேர்ந்தால், அதையும் திறந்து பார்க்கக் கை அரிக்கும்.