பின்பாரம்

வத்தலக்குண்டில் டீ குடிக்க நிற்கும் வண்டிகளில் எது கொடைக்கானலுக்குப் போகிறது என்று கேட்கவே வேண்டாம். மூக்கு வானத்தைப் பார்க்கும். வால் தரையைத் தடவும். டிக்கிக்குள் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அத்தையின் இட்லிக் கொப்பரை. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும். அதில் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். கொப்பரையைப் பற்றிக் கேட்பதில்லை.

டிக்கிக் கதவு மூடிவிட்டால் குடும்பத் தலைவருக்குக் கணக்கு முடிந்தது. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கேன்கள் மட்டுமே 40 கிலோ. அடுப்போடு 50 என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.5 மீட்டர். பின் அச்சைத் தாண்டி 1 மீட்டரில் அந்த 50 கிலோ உட்கார்ந்தால், பின் சக்கரங்களில் கூடுவது 70 கிலோ! உபரி 20 கிலோவை முன் சக்கரங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. சின்னக் கார்களில் பெரும்பாலும் இழுப்பதும் திருப்புவதும் அந்த முன் சக்கரங்கள்தான். ஈரமான கொண்டை ஊசி வளைவில் அவை வெறுமனே சுழல, தலைவர் கிளட்சைத் திட்டுவார்.

கூடாரமும் கட்டிலுமாக டிரெய்லர் இழுத்துவரும் உல்லாசிகளின் பாடு இன்னும் மோசம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வாலில் ஜெனரேட்டரையும் சைக்கிளையும் ஏற்றினால் கொக்கி இலேசாகிவிடும். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடி, இழுக்கும் காரையும் ஆட்டிவைக்கும்.

மாட்டுவண்டிக்காரருக்கு இது பால பாடம். மலைச்சாலை வருவதற்கு முன், அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கிய வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டியில்தான் அடிவாரம் சேர்ந்தார்கள். பின்பாரமானால் நுகத்தடி எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். துரையே ஆனாலும் முன்னால் நகர்ந்துதான் உட்கார வேண்டும்.

சாலையில்லாத காலத்தில் வெள்ளகவி மலைக்கிராமத்துக்குக் குதிரை முதுகில்தான் மூட்டை போய்வந்தது. இரு பக்கமும் சமமாகக் கட்டாவிட்டால் குதிரை தன் அதிருப்தியை உடனே தெரிவித்துவிடும்; கார் வளைவு வரும்வரை வாய் திறக்காது. இரண்டு மலைகளைக் காவடி கட்டிய இடும்பனுக்குக்கூட எடையில் சிக்கல் வரவில்லை. இறக்கிவைத்த இடத்தில்தான் வம்பு.

ஆகவே கேனையும் அரிசியையும் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் வையுங்கள். டிக்கிக்குப் போர்வையும் ஸ்வெட்டரும் போதும். டயர் காற்று, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் முழு லோடுக்குச் சொன்ன அளவில் இருக்கட்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் படிக்காத சீட்டு அது.