ஆறடி நாயகர்களும் ஒரு திருச்சி வாசகியும்

தமிழ்க் காதல் நாவலின் நாயகன் எவனும் ஐந்தடி ஏழங்குலம் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஆறடி. ஆறடி இரண்டங்குலமும் உண்டு. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலையிலிருந்து மாலை வரை நின்றாலும் அந்த உயரத்தில் நாலு பேரைப் பார்ப்பது கஷ்டம். நாவலிலோ நாயகன், அவன் தம்பி, டாக்டர் நண்பன், கடைசி அத்தியாயத்தில் திருந்துகிற வில்லன் என்று வீடு கொள்ளாமல் ஆறடிக்காரர்கள். ஆனாலும் எந்த நிலைப்படியிலும் ஒருவருக்கும் தலை இடித்ததாகத் தகவல் இல்லை.

உயரத்துக்கு அடுத்தது புருவம். நாயகன் கோபம், கேள்வி, காதல், கிண்டல் எல்லாவற்றுக்கும் ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்துவான். இது மனிதனால் ஆகிற காரியமா என்று தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே எழுந்தன. கூடவே காதும் அசைந்தது. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அவன் அடிக்கடி பல்லைக் கடிப்பான்னு வேற சொன்னியே, அதை மட்டும் கேட்டுடாதே. இப்பத்தான் ரூட் கேனால் பண்ணியிருக்கு" என்றார்.

காதல் நாவல் விஷயத்தில் என் வாய் ஒரு கட்சி, கண் இன்னொரு கட்சி. வாய் கேலி பேசிக்கொண்டே இருக்கும். கண் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப் போட்டு, விளக்கை அணைத்த பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் 'இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்' என்று ஆரம்பிப்பேன். அந்த ஒரே ஒரு அத்தியாயம் எப்போதும் நாயகி மயங்கி விழுகிற இடத்தில் முடியும். மயங்கியவளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க மனசு வருமா?

இது எங்கள் வீட்டில் பரம்பரை வியாதி. என் மாமியார் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கிற தலைமுறை. லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி அவருக்குக் குலதெய்வம். ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். "விருது வாங்கினவங்க எழுதினதைத்தான் நான் படிச்சேன். நீ படிக்கிறது என்ன?" என்று அத்தை இன்றைக்கும் கேட்பார். அந்த பைண்டு புத்தகங்களில் நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். அந்த வாரத்துக் கதையை அத்தையே வாயால் சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்வார். பல சமயம் அச்சில் இருப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

நான் ரமணிசந்திரன் தலைமுறை. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். வாடகை நூலகத்தில் அவர் புத்தகம் அலமாரியில் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போய்விடும். பணக்கார நாயகன், தன்மானம் உள்ள ஏழை நாயகி, நடுவில் ஒரு தப்பெண்ணம், கடைசியில் கல்யாணம். நமக்கு முன் படித்த புண்ணியவதி யாரோ ஓரத்தில் பென்சிலால் 'இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்' என்று எழுதி வைத்திருப்பாள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில் 'எனக்கும் அதே சந்தேகம்' என்று இருக்கும்.

இப்போது நூலகம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதை அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. 2016 கடைசியில் கிண்டிலிலும் தமிழ் நுழைந்தது. அங்கே மாதச் சந்தா கட்டிப் படிக்கிற திட்டத்தில், நாம் எத்தனை பக்கம் படித்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. இந்தச் சங்கதி தெரிந்த பிறகுதான் ஒரு பெரிய மர்மம் எனக்கு விளங்கியது. நாயகன் மாடிப்படியில் இறங்கி வருவதற்கு ஏன் நாலு பக்கம் ஆகிறது? ஒரு படிக்கு ஒரு பத்தி. முதல் படியில் கேசம், இரண்டாம் படியில் நாசி, மூன்றாம் படியில் மடித்துவிட்ட சட்டைக் கை. அவன் கீழே வந்து சேர்வதற்குள் இட்லி ஆறிவிடுகிறது.

கதைகளில் ஒப்பந்தக் கல்யாணம்தான் எங்கள் வீட்டில் அதிகம் அடிபடுவது. தாத்தா உயில் எழுதி வைத்திருப்பார். சொத்து கைக்கு வர நாயகனுக்கு ஒரு மனைவி வேண்டும். நாயகிக்கோ அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். 'ஒரே வருஷம், அப்புறம் விவாகரத்து' என்று கையெழுத்துப் போடுவார்கள். சட்டம் படிக்கிற என் மகளிடம் இதைச் சொன்னால் அவளுக்கு ஆறவே ஆறாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் சாதாரணமாக விவாகரத்து மனுவே போட முடியாதாம். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றால்கூட ஒரு வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டுமாம். அதற்கு மேல் ஆறு மாதக் காத்திருப்பு. நீதிமன்றம் மனசு வைத்தால் அது குறையலாம். "உன் ஹீரோ கம்பெனியில லீகல் டிபார்ட்மென்ட்டே கிடையாதாம்மா?" என்கிறாள். நம் ஜோடி தனித்தனியாக வாழ்கிற லட்சணமோ, ஒரே அறையில் அவள் கட்டிலில், அவன் சோபாவில். ஆறடி ஆளுக்கு ஐந்தடி சோபா.

கடத்திக்கொண்டு போகிற கதைகளிலும் சட்டச் சிக்கல் உண்டு. கோபம் வந்த நாயகன் நாயகியைக் காரில் ஏற்றி நேராகக் கொடைக்கானல் பங்களாவுக்கு விரட்டுவான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக இ-பாஸ் வேண்டும். பொங்கும் கோபத்தோடு வண்டி எண்ணையும் ஆள் கணக்கையும் இணையத்தில் பதிவு செய்து, க்யூ ஆர் கோடு வாங்கிக்கொண்டு கடத்துகிற நாயகனைப் படிக்க எனக்கு நிஜமாகவே ஆசை.

மணமேடை மாற்றக் கதை இன்னொரு ரகம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அக்கா ஓடிவிடுவாள்; குடும்ப மானம் காக்கத் தங்கையை உட்கார வைப்பார்கள். அக்காவுக்கு அளவெடுத்துத் தைத்த முகூர்த்த ஜாக்கெட் தங்கைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். எங்கள் தெரு டெய்லர் எனக்கே அளவெடுத்து எனக்கே தைத்த ஜாக்கெட் இதுவரை எனக்குப் பொருந்தியதில்லை. கற்பனை என்றாலும் ஓர் அளவு வேண்டாமா?

இவ்வளவு கல்யாணம் நடக்கிற இந்த நாவல்களில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ஜாதகம் பார்ப்பார்கள், தோஷம் பார்ப்பார்கள், நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். நாயகன் என்ன சாதி, நாயகி என்ன சாதி என்று முந்நூறு பக்கத்திலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். காதலுக்கு வருகிற ஆபத்தெல்லாம் வில்லி ஒட்டிச் சேர்த்து அனுப்பிய போட்டோவால் வரும். செய்தித்தாளில் காதலித்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று காலையில் படித்துவிட்டு இரவு நாவலைத் திறந்தால், அங்கே தமிழ்நாட்டின் பெயரில் வேறு ஏதோ நாடு இருக்கிறது. இதற்காக எழுத்தாளர்களைத் திட்டுவதா, அந்த நாட்டுக்குக் குடிபோவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனை குறை சொல்கிறவள் ஏன் படிக்கிறாய் என்று கேட்கலாம். காய்ச்சல் அத்தியாயத்துக்காகத்தான் படிக்கிறேன். எல்லா நாவலிலும் ஒன்று இருக்கும். நாயகி மழையில் நனைவாள். ராத்திரிக்குள் நூற்றுநாலு டிகிரி. நாயகன் விடிய விடிய உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டு, கஞ்சி வைத்து ஊட்டி, மணி பார்த்து மாத்திரை தருவான். எனக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டுக்காரரும் பதறித்தான் போவார். பதறிக்கொண்டே வந்து என்னை எழுப்பி, "பாராசிட்டமால் எங்கம்மா இருக்கு?" என்பார். எடுத்துத் தந்துவிட்டுப் படுத்தால், "வெந்நீருக்கு எந்தப் பாத்திரம்?" என்பார்.

நாவல் வாசகிகள் பணக்கார நாயகனின் காரையும் பங்களாவையும் பார்த்து மயங்குவதாக வெளியே நிற்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த கார்ப் பத்திகளை நாங்கள் தாண்டிக் குதித்துவிடுவோம். மருந்து டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் போய் எடுக்கிறானே, அங்கேதான் நின்று நிதானமாகப் படிக்கிறோம். அவள் முகம் வாடியதை அவள் சொல்லாமலே ஒருவன் கவனிக்கிறான், சாப்பிட்டாயா என்று அவனாகக் கேட்கிறான் என்பதெல்லாம் பறக்கும் கம்பளத்தைவிடப் பெரிய கற்பனையாக இங்கே பல பெண்களுக்கு இருக்கிறது. தீவிர இலக்கியத்தில் கல்யாணம் ஆனவர்கள் ஒருவரும் சந்தோஷமாக இருப்பதில்லை. பகல் முழுக்க அதை நேரில் பார்த்தவளுக்கு ராத்திரியும் அதையே படி என்றால் எப்படி?

புதிதாக எழுத வந்திருக்கிற பெண்கள் சில விஷயங்களைப் பிரமாதமாகச் செய்கிறார்கள். கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் அச்சு அசலாக வருகிறது. விவாகரத்தானவளுக்கும் நாற்பதைத் தாண்டியவளுக்கும் காதல் வருகிறது. அறுபது வயதுத் தாத்தாவும் பாட்டியும் மொட்டைமாடியில் சண்டை போடுகிற ஒரு பக்கத்துக்காக நாயகனின் நாலு மாடிப்படியையும் நான் மன்னிப்பேன்.

மன்னிக்க முடியாதவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் ஆன்ட்டி ஹீரோ. பழிவாங்குவதற்காக அவளைக் கல்யாணம் செய்வான். கையை முறுக்குவான். கன்னத்தில் அறைவான். அறைந்த கையாலேயே பிறகு மருந்து தடவுவான். அதைக் கண்டு அவள் உருகுவாள். வேண்டாம் என்று அவள் சொல்வது அவன் காதில் விழாது. எல்லாம் அளவுக்கு மீறிய காதலால்தான் என்று எழுபதாம் அத்தியாயத்தில் விளக்கம் வரும்.

திமிர் பிடித்த நாயகன் புதியவன் அல்லன். 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் டார்சியைவிடத் திமிர் பிடித்தவன் உண்டா? ஆனால் எலிசபெத் முகத்துக்கு நேராக மறுத்ததும் டார்சி அவளைக் காரணம் கேட்கிறான். மறுநாள் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு தன்னைத் திருத்திக்கொள்கிறான். நம் தொல்காப்பியரோ அதற்கெல்லாம் மூத்தவர். ஒத்த அன்புடைய காதலுக்கு ஐந்திணை என்று இடம் ஒதுக்கினார். காமம் தலைக்கேறி வலுக்கட்டாயத்தில் இறங்குவதைப் பெருந்திணை என்று தூர வைத்துவிட்டார். பனைமடல் குதிரையில் ஏறித் தெருவுக்கு வருவேன், அதாவது மடலேறுவேன் என்று தலைவன் பேசுவதுவரை ஐந்திணைக்குள் இடம் கொடுத்தார். நிஜமாகவே ஏறிவிட்டால் அவனுக்கும் பெருந்திணைதான். அந்தத் தலைவனாவது பனைமடலின் கருக்கில் தன் உடம்பைக் கிழித்துக்கொள்வேன் என்றுதான் மிரட்டினான். இவன் அவள் உடம்பில் கை வைக்கிறான்.

என் மகள் படித்த கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016இல் வந்த அமெரிக்கக் காதல் நாவல். அதிலும் கணவன் அடிக்கிறான். அவனுக்கும் உருக்கமான பழைய கதை இருக்கிறது. ஆனால் குழந்தை பிறந்ததும் அவள் விவாகரத்து கேட்டுவிடுகிறாள். "உங்க ஆன்ட்டி ஹீரோ மேல 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல எபிசோடுக்கு ஒரு கேஸ் போடலாம்மா" என்றாள் மகள். எப்போதும் எனக்கு எதிர்க்கட்சியான அத்தை அன்று எங்கள் பக்கம் வந்தார். "எங்க காலத்துக் கதையிலயும் கோபக்காரன் இருந்தான்டி. ஆனா அடிக்கிறவனை நாங்க வில்லன்னுதான் சொன்னோம்" என்றார்.

எழுத்தாளத் தங்கைகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் நாயகன் ஆறடி இருக்கட்டும், ஏழடிகூட இருக்கட்டும். இரண்டு புருவத்தையும் தனித்தனியாக ஆட்டட்டும். இ-பாஸ் இல்லாமல் கொடைக்கானல் போகட்டும், நாங்கள் போலீசுக்குச் சொல்ல மாட்டோம். அவள் வேண்டாம் என்றால் மட்டும் அவனுக்குக் காது கேட்கட்டும்.

என்னைப் போல் ராத்திரியில் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டி விமர்சனம் எழுத நமக்கு நேரமும் இல்லை, மனசும் வராது. படித்த பக்கத்துக்குத்தான் பணம் என்ற கணக்கு நம் கையில் இருக்கிறது. அவன் கை ஓங்குகிற பக்கத்தில் கதையை மூடிவிடுங்கள். மிச்சக் கணக்கு எழுதியவருக்குத் தானாகவே போய்ச் சேரும்.