மொபெட்டில் வியாபாரம் எத்தனை சதவீதம்? அபிராமத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு மொபெட்டில் வியாபாரத்தின் பங்கு எவ்வளவு, குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை அறிஞர்கள் இதுவரை சீண்டவில்லை. 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தபோது இதற்கு அவசியம் எழவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 புறப்பட்ட பிறகு தப்பிக்க வழியில்லை.

ஆய்வுக்களம், ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம். ஆய்வுப்பொருள், சம்சாரிகளிடம் முண்டு மிளகாய் வாங்கிப் பரமக்குடியில் விற்கும் ஒரு கற்பனை வியாபாரியின் வண்டி. மிளகாய் மட்டும் கற்பனையல்ல. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவுப்படி, முழுக்க முழுக்க வியாபாரத்துக்காகச் செய்த செலவைத்தான் கழிக்கலாம். வண்டி வீட்டுக்கும் ஓடினால், 38(2) பிரிவின்படி நியாயமான பங்கை வரி அதிகாரி முடிவு செய்வார். (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, வண்டியில் ஏறுகிற கூட்டம் மாறவில்லை.)

காலையில் வண்டி கிளம்புகிறது. காலடியில் மிளகாய் மூட்டை, பின்னால் மச்சான். அவர் போவது பல் டாக்டரிடம். திரும்பும்போது கடைக்குச் சாக்கும் சணலும், பேத்திக்குக் காய்ச்சல் மருந்தும், கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காய்ப் பையும் வருகின்றன. இதைப் பங்கு பிரிக்க மூன்று கொள்கைகள் உண்டு. எடைக் கொள்கைப்படி குடும்பமே ஜெயிக்கும், ஏனெனில் காய்ந்த மிளகாய் இலேசு, மச்சான் அப்படியல்ல. பருமன் கொள்கைப்படி மூட்டை ஜெயிக்கும். நோக்கக் கொள்கைதான் ஆபத்தானது. "மாப்ள, மூட்டைய ஒரு கை பிடிச்சுக்க" என்று சொன்ன அந்த நொடியில் பல்வலிக்காரர் சுமைதூக்கும் தொழிலாளி ஆகிவிடுகிறார். பயணம் நூற்றுக்கு நூறு வியாபாரம்.

இந்தச் சிக்கலைச் சில நாடுகள் மைல் கணக்கில் முடித்துவிட்டன. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுக்குக் காருக்கு மைலுக்கு 70 சென்ட். பிரிட்டனில் சுயதொழில் செய்பவரின் மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ். அங்கும் எது வியாபார மைல் என்று குறித்துவைக்க வேண்டும் என்பது வேறு கதை. நம் வியாபாரிக்கு இப்படி ஒரு விகிதம் கிடையாது. பில் வேண்டும். பெட்ரோல் பங்கில் தருவதோ வெப்பத்தில் எழுத்து மறையும் தாள். ஜிஎஸ்டி சட்டம் கணக்குகளை 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அபிராமத்து வெயிலில், சட்டைப் பையில் கிடந்த பில் அடுத்த அறுவடைக்குள் வெள்ளைத்தாளாகிவிடும்.

தேய்மானம் இன்னும் சுவையானது. வருஷத்துக்கு 15 சதவீதம், அதுவும் மிச்ச மதிப்பில். 60,000 ரூபாய் வண்டிக்கு முதல் வருஷம் 9,000 கழியும். பத்து வருஷம் கழித்தும் ஏட்டில் சுமார் 11,800 ரூபாய் நிற்கும். பழைய இரும்புக் கடைக்காரர் அந்த ஏட்டைப் பார்ப்பதில்லை. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய வண்டிக்கு அந்த வருஷம் பாதிதான். தீபாவளிக்கு வண்டி எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஆடித் தள்ளுபடியில் எடுத்தவருக்கு முழுசும் உண்டு.

பங்கு பிரிக்கவே வேண்டாத ஒரு வழியும் இருக்கிறது. சயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர்நீதிமன்றம், கம்பெனி உயிரற்ற சட்ட நபர், அதற்குச் சொந்தப் பயன்பாடு என்பதே இருக்க முடியாது என்றது. இயக்குநர்கள் காரில் எங்கே போனாலும் அந்தக் காரணத்தால் கம்பெனியின் கார் செலவைக் குறைக்க முடியாது. மச்சான் இல்லாதது கம்பெனியின் பலம். தனிநபர் வியாபாரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வழியில் ஹெல்மெட் போடாமல் மாட்டிக் கட்டிய அபராதமும் செலவில் சேராது; சட்டத்தை மீறியதற்கான செலவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆய்வாளரை அசைத்துப் பார்ப்பது 1961 சட்டத்தில் 44ஏடி பிரிவாக இருந்த விதி. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரி, விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம். வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். அதற்குமேல் பெட்ரோல் கிடையாது, டயர் கிடையாது, மச்சான் விவகாரமும் கிடையாது. தேய்மானத்தையும் ஏற்கெனவே கழித்துவிட்டதாகவே சட்டம் எண்ணிக்கொள்ளும்.

நம் வியாபாரி பிஸ்கட் டப்பா நிறைய பில்களோடு ஆடிட்டரிடம் போகிறார். அவர் மூடியைக்கூடத் திறக்காமல் கேட்கிறார்: "ஜிபேல எவ்வளவு வந்துச்சு, கையில எவ்வளவு வாங்குனீங்க அண்ணே?"