நேர்த்திக்கு முழு மதிப்பெண்

நம் தொடக்கப் பள்ளிகளின் கணக்கு நோட்டுகளை மனமாரப் புகழ வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பக்கம் நிறைய ஒரு பட்டை வரைபடம் நிற்கும். பென்சில் கோடு இம்மியும் கோணியிருக்காது. மாம்பழத்துக்கு மஞ்சள், ஆப்பிளுக்குச் சிவப்பு, கொய்யாவுக்குப் பச்சை, திராட்சைக்கு ஊதா. ஒரு பொட்டு வண்ணம்கூடக் கோட்டைத் தாண்டாது. வலது மூலையில் சின்னக் கட்டம் கட்டி, 'அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 2 மாணவர்கள்' என்று எழுதியிருக்கும். அடியில் சிவப்பு மையில் ஒரு 'சரி', தேதியோடு கையொப்பம். பத்து வயதுக் கைக்கு இத்தனை பொறுமையைப் பழக்குவது லேசான காரியம் இல்லை.

அதைவிடப் பெரிது அந்த ஒற்றுமை. எதிர்வீட்டுச் சிறுமியின் நோட்டில் இருந்த படம், அவள் தோழியின் நோட்டிலும் அதே உயரத்தில், அதே நிறத்தில் இருந்தது. 'எங்கள் வகுப்பில் பிடித்த பழம்' என்று தலைப்பு. மாம்பழம் 20, ஆப்பிள் 15, கொய்யா 10, திராட்சை 5. கூட்டினால் 50 வந்தது.

"உங்க கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேரு கண்ணு?"

"முப்பத்தொண்ணு அத்தை."

"அப்ப இங்க அம்பது பேரு இருக்காங்களே?"

"மிஸ் போர்டுல போட்டாங்க, நாங்க பாத்து வரைஞ்சோம்."

"உனக்கு எந்தப் பழம் பிடிக்கும்?"

"சப்போட்டா."

சப்போட்டாவுக்குப் பட்டை இல்லை. தன் நாக்கு சொல்வதை ஒதுக்கி வைத்துவிட்டு, வகுப்பில் இல்லாத பத்தொன்பது பேரின் விருப்பத்துக்கு அந்தப் பிள்ளை மணிக்கணக்கில் வண்ணம் தீட்டியிருக்கிறாள். கேள்வி கேட்காத இந்தப் பணிவை எந்தப் பாடத்திட்டமும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. நம் வகுப்பறைகள் அதைச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்துவிடுகின்றன.

பாடநூலில் 'தகவல் செயலாக்கம்' என்ற பாடம் கீழ்வகுப்புகளிலேயே இருக்கிறது. நண்பர்களைக் கேட்டு, எண்ணி, அட்டவணையில் எழுதச் சொல்லும் நல்ல பாடம். நான் புரட்டிப் பார்த்த கைடு ஒன்றில் அந்த நண்பர்களின் பதில்களும் அச்சாகியிருந்தன. பிள்ளைகள் எழுந்து போய் ஒருவரை ஒருவர் கேட்டால் வகுப்பில் எவ்வளவு சத்தம் வரும்! ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை ஒரு கூரைக்குக் கீழே வைத்துப் பாடம் நடத்தி, பதிவேடுகளையும் எழுதி முடிக்க வேண்டிய பள்ளியில், அந்தச் சத்தத்தை மிச்சப்படுத்தித் தந்த கைடுக்காரரைப் பாராட்டாமல் என்ன செய்வது?

பட்டை வரைபடத்தின் கதையே ஒரு தவிப்பில் தொடங்கியது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் லண்டனில் தன் வணிக வரைபட அட்லஸை வெளியிட்டார். இங்கிலாந்து மற்ற நாடுகளுடன் செய்த வணிகத்தை ஆண்டுவாரியாகக் கோடு இழுத்துக் காட்டியவருக்கு, ஸ்காட்லாந்து பற்றி ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு ஏறுவதையும் இறங்குவதையும் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் தனித்தனிப் பட்டைகளை அடுக்கினார். கையில் இருக்கும் தகவலுக்கு எந்தப் படம் பொருந்தும் என்று அவர் பட்ட பாட்டை நம் பிள்ளைகள் படவேண்டியதில்லை. எந்தப் படம், எத்தனை பட்டை, என்ன அளவுத்திட்டம் எல்லாம் கரும்பலகையிலேயே வந்துவிடுகின்றன.

மதிப்பெண் போடும் முறையும் நேர்மையானது. தலைப்புக்கு இவ்வளவு, அச்சுகளுக்கு இவ்வளவு, அளவுத்திட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டால் ஒரு பெற்றோரும் சண்டைக்கு வரமாட்டார். 'இந்தப் படத்தைப் பார்த்தால் உனக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்டுத்தொலைத்தால் ஆளுக்கொரு பதில் வரும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அளவைப் பாடத்துக்கு வருவோம். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் கீறல் விழாமல் பளபளக்கிறது. அடிக்கோடு இழுப்பதற்கென்றே அது வாங்கப்பட்டிருக்கிறது, அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. பயிற்சிநூலில் ஒரு பென்சில் படமும் அதன் கீழே ஒரு ஸ்கேல் படமும் இருக்கின்றன. பென்சிலின் அடி எப்போதும் சரியாகப் பூஜ்யத்தில் இருக்கும். முனை நிற்கும் இடத்தில் உள்ள எண்ணைப் படித்து எழுதினால் போதும். அச்சில் படம் சுருங்கியிருப்பதால், '10 செ.மீ.' என்று விடை சொல்லும் அந்தப் பென்சில்மேல் உண்மையான ஸ்கேலை வைத்தால் ஆறரைதான் வருகிறது. இத்தனை ஆண்டுகளில் எந்தப் பிள்ளையும் வைத்துப் பார்த்துப் புகார் சொல்லவில்லை என்றால், ஒழுங்கு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அதே சிறுமியிடம் ஒரு பென்சிலின் அடியை 3-இல் வைத்து, முனை 8-இல் நிற்கும்படி காட்டினேன். "எட்டு" என்றாள். மறுபடி பார்க்கச் சொன்னதும் கோடுகளை விரலால் தொட்டு எண்ணி, "ஆறு" என்றாள். அவள் கவனமான பிள்ளை, சொல்லிக் கொடுத்ததை இம்மி பிசகாமல் செய்தாள். கோடுகளை எண்ணக்கூடாது, கோடுகளுக்கு இடையில் கிடக்கும் வெளியை எண்ண வேண்டும் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே அலகை இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிப் போவதுதான் அளப்பது. அது பிள்ளை மனத்தில் மெல்ல மெல்லத்தான் உருவாகும். உளவியலாளர் ழான் பியாஜேயும் உடன் உழைத்தவர்களும் 1948-லேயே இதை ஆராய்ந்து நூலாக்கினார்கள். பெஞ்சை நெருப்புக்குச்சியால் அளக்கவிட்டால், சாணால் அளக்கவிட்டு உனக்கு எட்டு எனக்கு ஒன்பது என்று இரண்டு பேரைச் சண்டை போடவிட்டால், அது புரியும். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதும் அந்தச் சண்டையிலேயே விளங்கும். நம் வகுப்புகள் அமைதியானவை.

பிள்ளைகள்மேல் வெயிலும் படுவதில்லை. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளக் கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயில் ஏறினால் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானி வைத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே போனார். இந்தியாவையே அளந்த பணி அங்கிருந்துதான் விரிந்தது. அதே மண்ணில் பள்ளி வராந்தாவின் நீளத்தைக்கூட அளக்க வெளியே அனுப்பாமல் பிள்ளைகளை நிழலிலேயே வைத்துக் காப்பாற்றுகிறோம். வாசலில் பூக்காரம்மா முழம் போடுகிறார், தெருமுனையில் தையல்காரர் டேப்பை வீசி இடுப்பளவு எடுக்கிறார், ரேஷன் கடையில் தராசு எடை காட்டுகிறது. இவற்றில் ஒன்றும் பள்ளி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து பாடத்தைக் கலைத்ததில்லை.

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. அங்கே மாதாமாதம் குழந்தையைத் தராசில் நிறுத்தி, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைக்கிறார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளுக்கு நடுவே புள்ளிகள் கோடாகும். அதிகம் படிக்காத தாய்க்கும் கோடு ஏறினால் நிம்மதி, படுத்தால் கவலை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் வரும் முதல் வரைபடம் அதுதான், அதுவும் அந்தப் பிள்ளையைப் பற்றியே. அதை ஐந்தாம் வகுப்பில் யாரும் எடுத்து வரச் சொல்வதில்லை.

நான் கேட்டதற்காக எதிர்வீட்டுச் சிறுமியின் அம்மா அவளுடைய அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். சிறுமி அட்டையை மடியில் விரித்து, கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஏம்மா கீழ இறங்குது?"

"அப்ப உனக்கு வயித்தால போயி ரெண்டு வாரம் படுத்துக் கெடந்த."

"தம்பிக்கு எப்படி இருக்கு? அவன் அட்டையையும் எடும்மா."

தம்பியின் கோடு மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தது. அதை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அடுத்த தடவை எடை போடும்போது தானும் வந்து புள்ளி வைக்க வேண்டும் என்று நிற்கிறாள். அன்று பள்ளி நாள். இந்த வருஷம் ஒரு நாளும் லீவு போடாத பிள்ளை என்று பள்ளியில் அவளுக்கு நல்ல பேர் இருக்கிறது, அதைக் கெடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.